கடைசிப் பெட்டி எங்கே?

ஒரு கல்யாணப் பந்தியில், 'என்ன வேலை பாக்கறீங்க?' என்று கேட்ட பக்கத்து இலைக்காரரிடம், 'டிரைவர் எழுதறேன்' என்று சொன்னேன். 'எந்த ரூட்டுக்கு?' என்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து விண்ணப்பம் பூர்த்தி செய்பவன் என்று நினைத்தாரோ என்னவோ. ரசம் வருவதற்குள் அவருக்கு விளக்கி முடிக்க முடியவில்லை. உங்களிடம் முயல்கிறேன். இங்கே ரசத்துக்கு அவசரம் இல்லை.

கம்ப்யூட்டரில் நீங்கள் செருகும் ஒவ்வொரு சாமானுக்கும் (பிரின்டர், ஸ்கேனர், பென் டிரைவ், என்ன வேண்டுமானாலும்) அதன் பாஷை தெரிந்த ஒரு துபாஷி தேவை. அந்தக் குட்டி புரோகிராமுக்குத்தான் டிவைஸ் டிரைவர் என்று பெயர். ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. சொதப்பினால் உலகத்துக்கே தெரியும். 1998 ஏப்ரல் 20-ம் தேதி, சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி. வெளிவரப்போகும் விண்டோஸ் 98-ன் பெருமைகளை மேடையில் பில் கேட்ஸ் முன்னிலையில் விளக்கிக்கொண்டிருந்தார் கிறிஸ் கபோசெலா. 'ஸ்கேனரைச் செருகினால் போதும், மற்றதை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும்' என்று யு.எஸ்.பி. கம்பியைச் செருக, பின்னாலிருந்த ராட்சசத் திரை முழுக்க நீலம். சபையே சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தார் கேட்ஸ். இரண்டு மாசத்தில் விற்பனைக்கும் விட்டார். அது வேறு விஷயம்.

யு.எஸ்.பி.யின் முதல் வரையறை 1996-ல் வந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். உள்பட ஏழு கம்பெனிகள் கூடிச் செய்த வேலை. இன்டெல் தரப்பில் முன்நின்றவர் பரோடாவில் படித்த அஜய் பட். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? கீபோர்டுக்கு ஒரு ஓட்டை, மவுஸுக்கு ஒன்று, பிரின்டருக்கு இருபத்தைந்து ஊசியில் ஒரு நீளச் செருகி. எல்லாவற்றையும் ஒரே ஓட்டைக்குள் கொண்டுவந்தால் உடனே வரும் பிரச்னை: ஒரே ரோட்டில் ஆம்புலன்ஸும் லாரியும் போக வேண்டும். யாருக்கு யார் வழி விடுவது?

அதற்காகப் போக்குவரத்தை நாலு ஜாதியாகப் பிரித்தார்கள். (மன்னிக்கவும், நாலு வகையாக.) செருகியவுடன் 'நீ யார், என்ன பேர்' என்று விசாரிக்க கன்ட்ரோல். கீபோர்டு, மவுஸ் மாதிரி கொஞ்சமாக, ஆனால் உடனே பேச வேண்டியவர்களுக்கு இன்டரப்ட். வெப் கேமரா, மைக்குக்கு ஐசோக்ரனஸ் என்று வாயில் நுழையாத ஒன்று. அதற்கு நேரம்தான் முக்கியம். வழியில் நாலு பைட் சிதைந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடும், திருப்பிக் கேட்காது. போன நொடியின் சத்தம் இந்த நொடியில் வந்து என்ன பிரயோஜனம்?

நாலாவதுதான் பல்க். மொத்தச் சரக்கு. பிரின்டர், ஸ்கேனர், பென் டிரைவ் எல்லாம் இதில் சேர்த்தி. இதற்கு எந்த ரிசர்வேஷனும் கிடையாது. யு.எஸ்.பி. 2.0-வில் நேரத்தை ஒரு நொடிக்கு 8,000 துண்டாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் 80 சதவீதம் வரை இன்டரப்டும் ஐசோக்ரனஸும் முன்பதிவு செய்துகொள்ளலாம். கன்ட்ரோலுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிடுவார்கள். மிச்சம் மீதி இருப்பதில் பல்க் போய்க்கொள்ள வேண்டும். ரோடு காலியாக இருந்தால் ஒரு துண்டுக்கு 512 பைட் பாக்கெட் 13 வரை போகலாம். அதாவது நொடிக்கு 5 கோடி பைட்டுக்கு மேல். ரோடு நெரிசலாக இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

கூட்ஸ் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் பக்கம் லூப் லைனில் மணிக்கணக்காக நிற்கும். வைகை போகும், பாண்டியன் போகும், எல்லோருக்கும் வழிவிட்டு நிற்கும். எப்போது போய்ச் சேரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆனால் கிளம்பிய நெல் மூட்டை ஒன்றுகூடக் குறையாமல் போய்ச் சேரும். பல்க்கும் அப்படித்தான். நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை, சரக்குக்கு உண்டு.

அந்த உத்தரவாதம் எப்படி வருகிறது என்பது அழகான சமாசாரம். ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் 16 பிட்டில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பெற்றுக்கொள்பவர் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் 'ஆக்' என்று பதில் சொல்வார். முன்பெல்லாம் மணியார்டர் போய்ச் சேர்ந்ததும் கையெழுத்துப் போட்ட துண்டு நமக்குத் திரும்பி வருமே, அந்த மாதிரி. சரியாக இல்லையென்றால் வாயைத் திறக்க மாட்டார். அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். மூன்று தடவை அப்படியானால் கோளாறு என்று டிரைவருக்குத் தகவல் வரும்.

உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும் உங்களுக்கு. பணம் சேர்ந்துவிட்டது, கையெழுத்துத் துண்டுதான் வழியில் தொலைந்துபோனது என்றால்? அனுப்பியவர் மறுபடி அனுப்புவார், வாங்கியவருக்கு இரட்டை வரவு ஆகிவிடுமே! அதற்காகப் பாக்கெட்டுகளுக்கு 0, 1, 0, 1 என்று மாறி மாறி அடையாளம் வைத்தார்கள். 0-வுக்கு அடுத்து மறுபடி 0 வந்தால், 'இது ஏற்கெனவே வந்ததுதான்' என்று வாங்கியவர் ஓசைப்படாமல் கடாசிவிட்டு 'ஆக்' மட்டும் சொல்வார். ஒரே ஒரு பிட்டில் முடிகிற காரியம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் எல்லாம் யு.எஸ்.பி.க்கு வெகுகாலம் முந்தியவர்கள்.

இன்னொரு பதிலும் உண்டு, 'நாக்'. 'இப்போ முடியாது, அப்புறம் கேள்' என்று அர்த்தம். கோளாறு இல்லை. பென் டிரைவ் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது, கருவி வேறு வேலையாக இருக்கும்போது, 'நாக், நாக்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரும் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எத்தனை தடவை சொல்லலாம் என்பதற்குக் கணக்கே கிடையாது.

இதெல்லாம் ஹார்டுவேர் பார்த்துக்கொள்கிற வேலை. டிரைவர் எழுதுகிறவனுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு கேள்வி. கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். சரக்கு முழுசாக வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மறுபடி ரயிலடிக்கு வாருங்கள். வண்டி ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்போது, போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். வேடிக்கை பார்க்கவில்லை. கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' என்ற பலகை இருக்கிறதா, ராத்திரி என்றால் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார். 'லாஸ்ட் வெஹிக்கிள்'. அது தெரிந்தால்தான் வண்டி முழுசாகப் போயிற்று என்று அர்த்தம். தெரியாவிட்டால் நடுவில் எங்கேயோ பெட்டி கழன்று நிற்கிறது. பின்னால் அடுத்த வண்டியை விடக் கூடாது.

பல்க்கில் எல்.வி. பலகை, குறையாக நிரம்பிய பாக்கெட். 512, 512, 512 என்று முழுப் பாக்கெட்டாக வந்துகொண்டிருக்கும்போது 52 பைட் மட்டும் உள்ள பாக்கெட் வந்தால், அதோடு முடிந்தது. சரி, சரக்கு கச்சிதமாக 512-ன் மடங்காக அமைந்துவிட்டால்? கடைசிப் பெட்டியும் முழுசாக இருக்குமே! அப்போது, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுப் பாக்கெட்டைக் கடைசியில் அனுப்ப வேண்டும். கார்டு வேன் மட்டும் தனியாக சிவப்பு விளக்கோடு போகிற மாதிரி.

'இதென்ன பைத்தியக்காரத்தனம், ஒன்றுமே இல்லாததை எதற்கு அனுப்புவது?' என்று நினைக்கிற இன்ஜினீயர்கள் உலகத்தில் நிறையப் பேர். அப்படி ஒருத்தர் செய்த கருவியை 2006-ல் மதுரையில் சந்தித்தேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்த்த டாக்டர் நண்பர், 'நீதான் இந்த யு.எஸ்.பி. எல்லாம் எழுதுவியே, வந்து பாரேன்' என்று கூப்பிட்டார். ஈ.சி.ஜி. கருவி. பன்னிரண்டு வரி இதயத் துடிப்பையும் பதிந்து, சுருக்கி, யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சில சமயம் திரையில் 'பெறப்படுகிறது' என்று போட்டு அப்படியே நின்றுவிடும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் அசையாது. கேன்சல் செய்து மறுபடி எடுத்தால் வந்துவிடும். கம்பெனிக்காரர்கள் கேபிள் மாற்றினார்கள், மின்சாரம் சரியில்லை என்று யு.பி.எஸ். வைக்கச் சொன்னார்கள், கடைசியில் 'உங்க சிஸ்டருக்கு டிரெயினிங் பத்தலை' என்று முடித்துவிட்டார்கள்.

அந்த சிஸ்டர் ஐம்பது வயசுக்காரர். பேச்சு கம்மி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஈ.சி.ஜி. ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. நின்றுபோன வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

'எதுக்கு சிஸ்டர் புள்ளி?'

'யாரும் நம்ப மாட்டேங்கறாங்க சார். அதான் குறிச்சு வச்சேன்.'

'அடிக்கடி நிக்குதா?'

'இப்ப வாரத்துக்கு ஒண்ணுதான். பழைய கம்ப்யூட்டர்ல தினம் ஒண்ணு ரெண்டு நிக்கும். புதுசு வந்தப்புறம் குறைஞ்சிருச்சு.'

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 90 ஈ.சி.ஜி., மாசத்துக்கு 26 நாள். பழைய கம்ப்யூட்டர் காலத்துப் புள்ளிகளை எண்ணினால் மாசத்துக்கு 35, 37, 36. புதுசு வந்தபின் 4, 5, 5. கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. பழைய கம்ப்யூட்டர் யு.எஸ்.பி. 1.1, அதில் பல்க் பாக்கெட் 64 பைட். புதியது 2.0, அதில் 512. ஐந்நூற்றுப் பன்னிரண்டை அறுபத்துநாலால் வகுத்தால் எட்டு. கேபிளுக்கோ மின்சாரத்துக்கோ எட்டாம் வாய்ப்பாடு தெரியாது.

இதயம் எழுதும் கோட்டைச் சுருக்கினால் அளவு ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை மாறும். ஏறக்குறைய 40 ஆயிரம் பைட், கொஞ்சம் முன்னே பின்னே. அது 64-ன் சரியான மடங்காக வர 64-ல் ஒரு வாய்ப்பு. 512-ன் மடங்காக வர 512-ல் ஒரு வாய்ப்பு. தினம் 90 பேர் என்றால் மாசத்துக்கு முறையே 36, 4 அல்லது 5. பென்சில் புள்ளி சொன்ன அதே எண்கள்.

நிச்சயப்படுத்த கம்ப்யூட்டரில் சேமித்திருந்த ஃபைல்களை அளவுவாரியாக வரிசைப்படுத்தினேன். புதுக் கம்ப்யூட்டர் வந்து நாலு மாசம், 9,000-க்கும் மேல் ஃபைல். அதில் பதினெட்டாவது 512-ன் மடங்காக இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. பழையவற்றில் 64-ன் மடங்கு ஒன்றுகூட இல்லை. அந்த நோயாளிகள் எல்லோரும் 'கேன்சல்' பட்டனுக்குப் போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே கம்பியில் ஓடுவதைப் பதிவு செய்யும் ஹார்டுவேர் அனலைசரை மாட்டிவைத்தேன். ஐந்தாம் நாள் மாட்டியது. 79 முழுப் பாக்கெட், 40,448 பைட். அதற்கப்புறம் கருவியிடமிருந்து 'நாக்', 'நாக்', 'நாக்'. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஈ.சி.ஜி. முழுசாக, ஒரு பைட் குறையாமல், கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. டிரைவர் சிவப்பு விளக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கார்டு வேன் கிளம்பவே இல்லை.

சிஸ்டரிடம் சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் சொன்னது வேறு: 'நெஞ்சு வலின்னு வந்து படுத்திருப்பாங்க. வயரெல்லாம் மாட்டி, இந்த நேரம் பார்த்து நின்னுரும். மறுபடி எடுக்கறேன்னு சொன்னா, அவங்க முகத்தைப் பார்க்க முடியாது சார். நின்னது மெஷின்னு நினைக்க மாட்டாங்க.'

இதை எழுதி கம்பெனிக்கு அனுப்பினேன், எண்களோடு. முதல் பதில்: 'நின்றுபோனால் மீண்டும் பதிவு செய்யவும்' என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுகிறோம். இரண்டாவது, போனில் ஒரு இளைஞர். 'ஈஸி சார். அஞ்சு செகண்ட் டைம் அவுட் போட்டுரலாம். அதுக்குள்ள எதுவும் வரலைன்னா வந்தவரைக்கும் முழுசுன்னு எடுத்துக்கலாம்.'

யோசித்துப் பார்த்தால் இந்தக் கோளாறுக்கு அது சரியாகவே வேலை செய்யும். புள்ளிகள் எல்லாம் மறைந்துவிடும். அதனால்தான் அதைக் கேட்டு எனக்கு வியர்த்தது.

மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கப் போன இடத்தில் சரி. பல்க்கில் மௌனத்துக்கு அர்த்தம் ஒன்றுமே கிடையாது. 'நாக்' என்பது 'இன்னும் இல்லை'. 'இனி இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. கருவி தன் சொந்தக் காகிதச் சுருளில் அச்சடித்துக்கொண்டிருக்கலாம். பாதி அனுப்பிவிட்டு ஆறு நொடி வேறு வேலை பார்க்கலாம். ஐந்தாம் நொடியில் டிரைவர், வந்த பாதியை முழுசு என்று முத்திரை குத்தி டாக்டர் மேஜைக்கு அனுப்பும். பன்னிரண்டு வரியில் ஏழு இருக்கும், ஐந்து இருக்காது. அதையாவது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆறாம் நொடியில் கருவி மிச்சப் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நிற்கும். கம்ப்யூட்டர் அடுத்து எப்போது கேட்கும்? அடுத்த நோயாளிக்கு. முருகேசனின் மிச்ச இதயம் முனியம்மாவின் பேரில் வந்து சேரும்.

நின்றுபோகிற கருவி எரிச்சல் மூட்டும், ஆனால் பொய் சொல்லாது. டைம் அவுட் போட்ட கருவி சிரித்துக்கொண்டே பொய் சொல்லும். இதைத்தான் அந்த இளைஞரிடம் முக்கால் மணி நேரம் எஸ்.டி.டி.யில் சொன்னேன். நல்ல பையன், கடைசியில் புரிந்துகொண்டார். டைம் அவுட் கட்டாயம் வேண்டும். ஆனால் அது அடித்தால் 'தோல்வி' என்று அறிவிக்க வேண்டும், கருவியின் வயிற்றில் மிச்சம் இருப்பதைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும், அப்புறம்தான் அடுத்த ஆள். முடிவு என்பதை அனுப்புகிறவர் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் ஊகிக்கக் கூடாது.

லினக்ஸில் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல். பல்க்கில் படிக்க, எழுத அங்கே ஒரு சுலபமான ஃபங்ஷன் உண்டு. எத்தனை மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும் என்று கடைசியாக ஒரு எண் கேட்கும். பூஜ்யம் என்று கொடுத்தால் 'காத்திருக்காதே' என்று அர்த்தம் இல்லை. 'எத்தனை காலமானாலும் காத்திரு' என்று அர்த்தம். நின்றுவிட்டால் அதுவரை எத்தனை பைட் வந்தது என்பதையும் தனியே சொல்லும். அந்த எண்ணைப் பார்க்காமல் தூக்கி எறிகிறவர்கள் அநேகம்.

வெற்றுப் பாக்கெட் அனுப்பும் புது ஃபர்ம்வேர் மதுரைக்கு வந்து சேர நாலு மாசமாயிற்று. சேர்த்தது சில வரிகள்தான் இருக்கும். வந்தபின் இரண்டு மாச ரிஜிஸ்டரில் புள்ளியே இல்லை என்று நண்பர் சொன்னார். சிஸ்டர் பென்சிலை மட்டும் டிராயரிலிருந்து எடுக்கவில்லையாம்.

ஈ.சி.ஜி. கருவி உங்கள் வீட்டில் இருக்காது. பென் டிரைவ் இருக்கும். அதிலும் பல்க்தான் ஓடுகிறது, ஆனால் அதை வடிவமைத்தவர்கள் உஷார் பேர்வழிகள். முதலில் 31 பைட்டில் ஒரு கட்டளை போகும், இத்தனை பைட் வரப்போகிறது என்று எண்ணிக்கையைச் சொல்லி. அப்புறம் சரக்கு. கடைசியில் பென் டிரைவ் 13 பைட்டில் ரசீது தரும்: சரி, அல்லது தப்பு, இத்தனை பாக்கி. கட்டளைக்கும் ரசீதுக்கும் ஒரே நம்பர் இருக்கும், ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்குப் போகாதபடி.

இத்தனை இருந்தும் கல்யாண போட்டோக்கள் ஏன் தொலைகின்றன? கம்பியில் தொலைவதில்லை, கம்பிக்கு வருவதற்கு முன்பே தொலைகின்றன. காப்பி செய்யும்போது 100 சதவீதம் என்று திரை சொல்வது பல சமயம் 'மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டேன், அப்புறம் எழுதிக்கொள்கிறேன்' என்பதுதான். லினக்ஸ் சாதாரணமாக இப்படி 30 நொடி வரை கையில் வைத்திருக்கும். விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்த பதிப்பிலிருந்து, செருகிய டிரைவ்களுக்கு இந்தத் தாமதம் வேண்டாம் என்பதையே இயல்பாக வைத்துவிட்டார்கள். பழைய விண்டோஸிலோ, வேகத்துக்காக யாராவது அந்த செட்டிங்கை மாற்றிவைத்த கம்ப்யூட்டரிலோ அந்த தைரியத்தில் பிடுங்கிவிடாதீர்கள்.

'சேஃப்லி ரிமூவ்' என்று ஒன்று இருக்கிறதே, அது மரியாதைக்காக வைத்தது அல்ல. கையில் இருக்கும் மிச்சத்தை எல்லாம் எழுதி முடித்து, கடைசி 13 பைட் ரசீதையும் வாங்கிவிட்டுத்தான் 'இப்போது எடுக்கலாம்' என்று சொல்லும். 'வேறு யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று அது அடம்பிடித்தால் பெரும்பாலும் நீங்கள் மூட மறந்த ஏதோ ஒரு ஜன்னல்தான். லினக்ஸ்காரர்கள் 'சிங்க்' என்று தட்டிவிட்டு, கர்சர் திரும்பி வரும்வரை சும்மா இருப்பார்கள். தங்கை கல்யாண வீடியோ நாலு ஜி.பி. என்றால், போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.